வயிற்றுப்போக்கு வந்தால் நாம் செய்யும் தவறுகள்

வயிறு கலங்கியதும் நாம் செய்யும் முதல் காரியம், கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டின் மேல் பழியைப் போடுவது. ‘மத்தியானம் சாப்பிட்டது சரியில்லை’ என்று சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கிருமி உள்ளே போனது நேற்றாக இருக்கலாம், மூன்று நாளுக்கு முன்பாக இருக்கலாம், டைபாய்டு என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பாகக்கூட இருக்கலாம்.

இந்தக் கால வித்தியாசம் ஏன் என்று புரிந்தால் மற்ற பல விஷயங்களும் புரிந்துவிடும். குடலைப் படுத்தும் பாக்டீரியாக்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம், உணவிலேயே நச்சைச் சுரந்து வைத்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும், பாசில்லஸ் சீரியஸில் ஒரு வகையும் இப்படித்தான். நாம் விழுங்குவதே தயாராக இருக்கும் நச்சு என்பதால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். இரண்டாவது ரகம் குடலுக்குள் வந்த பிறகு நச்சைச் சுரக்கும். காலரா கிருமி, பயணம் போகிறவர்களைப் படுத்தும் ஒருவகை ஈ.கோலை, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் ஆகியவை இதில் சேரும். இவை தண்ணீராகப் போக வைக்கும். மூன்றாவது ரகம் குடல் சுவருக்குள்ளேயே நுழையும். ஷிகெல்லா, காம்பிலோபாக்டர், சால்மொனெல்லா எல்லாம் இந்தக் கூட்டம். காய்ச்சல், வயிற்று முறுக்கு, சளி, ரத்தம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். காம்பிலோபாக்டர் உள்ளே போய் நோய் தலைகாட்ட இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும்.

இது போக, வைரஸால் வரும் வயிற்றுப்போக்கும் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே ‘பேதி’ என்று நினைத்து ஒரே மாத்திரையை நீட்டுவதுதான், இனிச் சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு வேர்.

சமையலறையில் நடப்பவை

‘முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.’ இதை நம்ப முடியாது. உணவை நாறவைக்கும், கொழகொழக்க வைக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வேறு. நோய் தருபவை வாசனையையோ ருசியையோ மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஷிகெல்லா பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். அதை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது.

‘திரும்ப ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்’ என்பது இன்னொரு நம்பிக்கை. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸின் நச்சும், பாசில்லஸ் சீரியஸ் சுரக்கும் வாந்தி நச்சும் கொதிக்கும் சூட்டுக்கு அழிவதில்லை. பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் அதன் வடிவம், சோறு வேகும்போதும் உயிர் பிழைத்திருக்கும். வெளியில் வைத்த சோறு ஆற ஆற அவை முளைத்துப் பெருகும், நச்சைச் சுரக்கும். மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் கிருமிதான் சாகும். அது விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கும்.

பெரிய பாத்திரங்களில் சமைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பார்க்கலாம். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரம் கழித்து மேலே தொட்டால் ஆறிப்போனது போல இருக்கும். நடுவில் கரண்டியை விட்டுக் கிளறினால் ஆவி வரும். அந்த நடுப்பகுதிதான் பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்குச் சொர்க்கம். தோதான சூட்டில் அது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப்படி மூன்று மணி நேரத்தில் ஒரு கிருமி இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். நன்றாக ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க வெளியில் விட்டுவைப்பதைவிட, சின்னச் சின்ன, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றிச் சீக்கிரம் உள்ளே வைப்பது எவ்வளவோ மேல்.

ஃபிரிட்ஜும் கிருமியைக் கொல்வதில்லை, வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது, அவ்வளவுதான். லிஸ்டீரியா, எர்சினியா என்ற பாக்டீரியாக்கள் அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும். லிஸ்டீரியா கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கொன்றுவிடலாம்.

அப்புறம், பச்சைக் கோழிக்கறியைக் குழாயடியில் கழுவுவது. காம்பிலோபாக்டர் அதனால் போகாது. தெறிக்கும் துளிகளோடு பக்கத்தில் இருக்கும் பாத்திரம், பச்சையாகச் சாப்பிட வைத்திருக்கும் காய்கறி என்று எல்லா இடத்துக்கும் பரவும். கறியின் உட்பகுதி 70 டிகிரியைத் தாண்டும்படி வேகவைப்பதுதான் அதற்கு வழி.

போக்கை நிறுத்துவதுதான் வைத்தியமா?

லோப்பரமைடு மாதிரி மாத்திரைகள் குடலின் அசைவைக் குறைக்கின்றன. காய்ச்சலோ ரத்தமோ இல்லாமல் வெறும் தண்ணீராகப் போகும் பெரியவர்களுக்கு, ஒரு பயண நேரத்தைச் சமாளிக்க அது உதவும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலத்தில் ரத்தம் கலந்திருந்தால், காய்ச்சல் அடித்தால், அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. குடல் சுவரைத் தாக்கும் கிருமியையும் அதன் நச்சையும் வெளியே தள்ளும் வேலையைத்தான் உடம்பு செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கதவைச் சாத்தினால் குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குழந்தைகளுக்கு இதை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

பேதியில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது நீரிழப்பு. காலராவில் பெரியவர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூடப் போகலாம். காலராவின் நச்சு, குடல் செல்களிலிருந்து குளோரைடு உப்பை வெளியே கொட்ட வைக்கிறது. உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கிருமி சுரக்கும் நச்சுதான் இதற்குக் காரணம் என்பதைக் கல்கத்தாவில் முயலின் குடலை வைத்துச் சோதித்து 1959-ல் எழுதியவர் மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் தே.

இவ்வளவு கொட்டினாலும் குடலில் ஒரு வழி மட்டும் பழுதாகாமல் இருக்கும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டும் உள்ளே விடும் வழி அது. கூடவே தண்ணீரும் உள்ளே போகும். உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேலை செய்வது இதை நம்பித்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

இத்தனை எளிமையான மருந்தில்தான் தவறுகளும் அதிகம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தம்ளரில் கண்ணளவுக்குக் கொட்டிக் கலக்குவார்கள். மீதியை மடித்து வைத்து அடுத்த முறைக்கு எடுப்பார்கள். பொட்டலத்துக்குள் உப்பும் குளுக்கோஸும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கரைசல் கெட்டியாக இருந்தால் ரத்தத்தில் சோடியம் ஏறும், சின்னக் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை முதலில் அளந்து வைத்துக்கொண்டு, முழுப் பொட்டலத்தையும் அதில் கொட்ட வேண்டும். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடக்கொஞ்சம் சர்க்கரை போட்டால் தெம்பு வரும் என்று நினைப்பது விபரீதம். சர்க்கரை மிஞ்சினால் அதுவே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். குளிர்பானமும் பாட்டில் பழச்சாறும் இதே காரணத்தால் ஆகாது. ஓ.ஆர்.எஸ். போலவே தோற்றம் காட்டும் இனிப்புப் பானங்களும் கடைகளில் உண்டு. சோடியம், குளுக்கோஸ் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு அது.

‘கொடுத்தும் நிற்கவில்லையே’ என்று ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது போக்கை நிறுத்துவதற்கான மருந்தே இல்லை. போனதை ஈடுகட்டத்தான் அது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன் என்று கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று பட்டினி போட்டால் குடல் ஆற வேண்டியதும் ஆறாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம் 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்வார்கள். போக்கு நின்றதும் அதைப் பாதியில் விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கிற ஒன்று.

குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே மறையாமல் மெதுவாக இறங்கினால், கண் குழிவிழுந்திருந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை.

ஆன்டிபயாடிக்: எப்போது மருந்து, எப்போது வினை

ஷிகெல்லாவுக்கும் டைபாய்டுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும். கடுமையான காலராவில் அது நோயின் நாட்களைக் குறைக்கும், ஆனால் நீர்ச்சத்தை ஈடுகட்டிய பிறகுதான் அதன் முறை. உடம்பு நன்றாக இருக்கும் ஒருவருக்கு வரும் சாதாரண சால்மொனெல்லா பேதிக்கு அது வேண்டாம். கொடுத்தால் கிருமி மலத்தில் வெளியேறும் நாட்கள்தான் நீளலாம்.

எல்லாவற்றையும் விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது, ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை விஷயத்தில். ஓ157 என்ற ரகம் 1982-ல் அடையாளம் காணப்பட்டது. வயிற்று வலியோடு தொடங்கி ரத்தமாகப் போகும், காய்ச்சல் பெரிதாக இருக்காது. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் பட்டால் இந்தக் கிருமி இன்னும் அதிகமாக நச்சைக் கொட்டும். அந்த நச்சு ரத்த அணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தை முடக்கும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், சிறுநீரகச் சிக்கல் வருவது பேதி தொடங்கி ஒரு வாரம் ஆகும்போது, போக்கு குறைந்து எல்லோரும் நிம்மதியாகிற நேரத்தில். குழந்தை வெளிறிப்போய், சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

2011-ல் ஜெர்மனியில் இதே நச்சைச் சுரக்கும் ஓ104 ரகம் பரவி 3,800-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகச் சிக்கல் வந்தது, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அதிகாரிகளே அறிவித்தார்கள். விவசாயிகள் பெருத்த நஷ்டப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால் முளைகட்டிய வெந்தயம். ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், மத்தியானச் சாப்பாட்டின் மேல் நாம் சொல்லும் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

ஆன்டிபயாடிக்கே பேதியைக் கொண்டுவருவதும் உண்டு. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் குடியேறிவிடும். சமீபத்தில் வேறு எதற்காவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்தக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் சானிடைசர் ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அவற்றைக் கையிலிருந்து அகற்றும்.

டைபாய்டு தனிக் கதை

டைபாய்டு குடல் வழியாக நுழைந்தாலும் ரத்தத்தில் பரவும் நோய். பேதியே இல்லாமல், சிலருக்கு மலச்சிக்கலோடுகூட வரும். நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல்தான் முக்கிய அறிகுறி. இங்கே அதிகம் நடக்கும் தவறு, வைடால் பரிசோதனையை மட்டும் நம்புவது. 1896-ல் வந்த அந்த முறை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. முதல் வாரத்தில் அது உருவாகியிருக்காது. எப்போதோ வந்த நோயாலோ, போட்ட தடுப்பூசியாலோ, வேறு தொற்றாலோகூடப் பாசிட்டிவ் காட்டும். ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் நம்பகமானது. அதையும் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம்.

சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகலாம். மூன்றாம் நாளே ‘மருந்து கேட்கவில்லை’ என்று மாற்றுவதும் தவறு, காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. வைத்தியம் பார்க்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தை ஒட்டிக் குடலில் ஓட்டை விழும் ஆபத்து இருக்கிறது. காய்ச்சல்காரருக்குத் திடீரென்று கடும் வயிற்று வலி வந்தால் அதை வாயு என்று தள்ளிவிடக் கூடாது.

குணமானவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர் வரை கிருமியைப் பித்தப்பையில் வைத்துக்கொண்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் மலத்தில் வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மல்லன் அப்படிப்பட்டவர். 1907-ல் தனிமைப்படுத்தினார்கள், இனிச் சமைப்பதில்லை என்ற உறுதியின் பேரில் 1910-ல் விட்டார்கள். 1915-ல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சமையலறையில் பிடிபட்டு, 1938-ல் சாகும்வரை தனிமையிலேயே இருந்தார். அந்தக் காலத்தில் ஆன்டிபயாடிக் இல்லை. இன்று பல வாரங்கள் மருந்து கொடுத்துப் பெரும்பாலோரைச் சரிப்படுத்த முடிகிறது. பித்தப்பையில் கல் இருந்தால்தான் கஷ்டம். மற்றவர்களுக்குச் சமைக்கிறவரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவரும் டைபாய்டோ ஷிகெல்லாவோ வந்து தேறினால், வேலைக்குத் திரும்புவதற்கு முன் மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தேவை என்று சொன்னால் ஒரு முறை பார்ப்பது போதாது. கிருமி தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால் சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.