சிறு கச்சேரிக்கு ஒலி அமைக்கும் முறை

புதுச்சேரியின் பழைய வீட்டுக் கூடத்திலோ கடலூரில் ஒரு சிறு மண்டபத்திலோ எண்பது பேர் அமர்ந்து கேட்கும் வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு, 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டும், எட்டு ஒலி வழிகளை (சேனல்) ஒன்றாகக் கலக்கும் மிக்சர் ஒன்றும், தரமான மைக்குகளும் போதும். பணம் குறைவென்றால் ஸ்பீக்கரில் சிக்கனம் பிடியுங்கள், மைக்கில் வேண்டாம்.

பாடகருக்கும் மிருதங்கத்துக்கும், வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக் பொருந்தும். வயலினின் நுண்மையைக் கண்டென்சர் மைக் நன்கு பிடிக்கும். அதற்கு மிக்சர் தரும் 48 வோல்ட் மின்சாரம் தேவை என்பதால், அந்தப் பொத்தானை அழுத்துமுன் அந்தச் சேனலின் ஒலியை முழுவதும் இறக்கிவிட வேண்டும்.

வேலையின் பெரும்பகுதி இடம் வைப்பதில்தான் இருக்கிறது. உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னே, அவையோரை நோக்கி நிறுத்தி, தரையில் தடித்த ஜமக்காளம் விரிப்பது நல்லது. மைக் கூவத் தொடங்கினால் உடனே ஒலியைக் குறைத்துவிட்டு, மைக்கைப் பாடகரின் வாய்க்கு நெருக்குங்கள். இடைவெளி ஒரு சாணிலிருந்து அரைச் சாணானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகப் பதியும், மிக்சரில் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் என்றால், பாடகர் தம் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை அதன் நேர் பின்புறம் வையுங்கள்; அத்திசையில்தான் அதற்குச் செவி மந்தம்.

மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு மைக் வைத்து, முதலில் அதைத் திறக்காமலே கேட்டுப் பாருங்கள். சிறு கூடத்தில் பல வேளை மைக் இல்லாத ஒலியே போதுமானதாக இருக்கும்.

கடற்கரையோரம் என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். உப்புக்காற்று கேபிள் முனைகளை அரிக்குமாதலால், நிகழ்ச்சி முடிந்ததும் அவற்றை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும்.