பொடி விற்கும் வீட்டில் பணம் தங்க வேண்டுமானால்

வளமான மனநிலை என்பது விலை சொல்லும்போது குரல் தாழாமல் இருப்பது. கணக்கு கையில் இருந்தால் அது தானாக வரும்.

ஒரு கிலோ இட்லிப் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் 180 ரூபாய், கேஸும் அரவையும் 20, கவரும் ஸ்டிக்கரும் 15 என்று வைப்போம். மொத்தம் 215. இருநூறு கிராம் பாக்கெட் ஐந்து வரும். ஒன்று 50 ரூபாய்க்கு விற்றால் ஐந்துக்கும் சேர்த்து 35 ரூபாய் லாபம் போலத் தெரியும். ஆனால் வறுத்து, ஆறவைத்து, அரைத்து, பாக்கெட் போட இரண்டு மணி நேரம் ஆகிறதே! மணிக்கு 17.50தான் கூலி. பல வீட்டுத் தொழில்கள் படுப்பது இங்கேதான்.

கூலியை மணிக்கு 80 என்று சேர்த்தால் அடக்கம் 375. அதன்மேல் 20 சதவீதம் லாபம் வைத்தால் 450, பாக்கெட் 90 ரூபாய். ‘வீட்டில் செய்வதுதானே, குறைக்கக்கூடாதா?’ என்பார்கள். விலையைக் குறைக்காதீர்கள், நூறு கிராம் பாக்கெட்டை 48க்குக் கொடுங்கள், சின்ன பாக்கெட்டுக்குக் கவர் செலவு கூடும்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்ற காசு முழுவதும் அதில் விழட்டும். மாதம் ஒருமுறை உங்கள் கூலியை மட்டும் வீட்டுக்கு எடுங்கள். பால் பாக்கிக்கு அதில் கைவைத்தால் அடுத்த உளுந்துக்குக் கடன்தான். தெரிந்தவர்களுக்கும் கடன் வேண்டாம், முதல் பாக்கெட்டை மாதிரிக்கு இலவசமாகக் கொடுங்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும்.