மனநோயோடு வாழ்பவரை எடைபோடும் முன்

உறவினர் ஒருவர் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும், ‘பத்து மணி வரை தூங்குகிறானே, இவனா தேறப்போகிறான்?’ என்று தீர்ப்பெழுதுவதற்கு முன்னால், கண்ணில் படுவது நோயா, மருந்தின் விளைவா என்று யோசிக்க வேண்டும். மனச்சிதைவுக்குத் தரப்படும் மாத்திரைகள் பலவும் தூக்கத்தையும் பசியையும் கூட்டி, உடல் எடையை ஏற்றிவிடும். மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவரின் கையில் காபி டம்ளர் லேசாக நடுங்குவதும், அவர் அடிக்கடி தண்ணீர் கேட்பதும் பெரும்பாலும் அதனால்தான். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், நான்காம் நாளே ‘இன்னும் சரியாகவில்லையா?’ என்று கேட்காதீர்கள்.

மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களை ஏளனம் செய்வதும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அவ்வூரின் தனியார் காப்பகம் ஒன்றில் 28 பேர் தீக்கு இரையானபோது, அவர்களைத் தப்பவிடாமல் செய்தது அவர்களைக் கட்டிவைத்திருந்த சங்கிலிதான், வேண்டுதல் அன்று. வேண்டுதலோடு மாத்திரையும் தொடர்கிறதா என்று மெதுவாகக் கேட்டால் போதும்.

மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டதாகச் சொன்னால் திட்டாமல், மருத்துவரிடம் உடன் வருவதாகச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், அவர் பக்கத்தில் அமர்ந்தபடியே, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐ அழையுங்கள்.