கர்ப்பகால எடைக் கணக்கு: ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்த்துத் திருத்தித் தருவது என் வேலை. ‘கர்ப்பகால எடை கூடுதலும் பிரசவ விளைவும்’ என்ற தலைப்பு எப்படியும் வந்துவிடும். நாங்கள் படித்த காலத்துத் தவறுகளும் கூடவே வரும். மெஷினைச் சமதரையில் வை, செருப்பைக் கழற்றச் சொல் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுகிறேன்.

மொத்த எடையையும் குறைப்பிரசவத்தையும் முடிச்சுப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘எடை போதுமான அளவு கூடாதவர்களுக்கே குறைப்பிரசவம் அதிகம்’ என்று தடித்த எழுத்தில் முடிவு எழுதிக்கொண்டு வந்தார் ஒரு மாணவி. பட்டியலில் ஒரு வரியைக் காட்டி, “இவருக்கு எத்தனையாவது வாரத்தில் பிரசவம்?” என்றேன். “34, சார்.” “மிச்ச ஆறு வாரத்து எடையை அவர் எங்கே போய் ஏற்றுவார்?”

அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல்படி, பிஎம்ஐ (உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் குறியீடு) 18.5 முதல் 24.9 வரை உள்ளவருக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ கூடலாம். இது முழுக் கர்ப்பகாலத்துக்கான கணக்கு. இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 13 வாரம்வரை ஒன்றரைக் கிலோ, அதன்பின் வாரம் 420 கிராம். 40 வாரத்தில் பெற்றவருக்கு 12.8 கிலோ: ‘போதுமானது’. 34 வாரத்தில் பெற்றவருக்கு 10.3 கிலோ: ‘குறைவு’. இருவரும் ஏறிய வேகம் ஒன்றே. நாள் குறைந்ததால் எடை குறைந்தது; மாணவி அதைத் தலைகீழாகப் படித்துவிட்டார்.

“அப்படியானால் வாரக் கணக்கால் வகுத்துவிடுகிறேன்” என்பார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு 321 கிராம், மற்றவருக்கு 304. முதல் மூன்று மாதத்தில் எடை மெதுவாகத்தான் ஏறும் என்பதால், சீக்கிரம் பெற்றவரின் சராசரி அப்போதும் இறங்கியே நிற்கும்.

சரி, வழி என்ன? 28 வாரம் என்று ஒரு புள்ளி வையுங்கள். அன்று கர்ப்பமாக இருக்கும் எல்லாருக்கும் அதுவரை கூடிய எடையை எடுத்துக்கொண்டு, அப்புறம் யாருக்கு எப்போது பிரசவமானது என்று தொடருங்கள். இல்லையென்றால், அந்தந்த வாரத்துக்குரிய சராசரியிலிருந்து ஒருவரின் எடை எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் இசட் மதிப்பெண். இதற்கான அட்டவணையை ஹட்சியன் குழுவினர் 2013இல் வெளியிட்டார்கள்.

குழந்தையும் தாயின் எடைக்குள்தான்

பிறப்பு எடையோடு தொடர்பு பார்ப்பவர், தாயின் கூடுதலில் இருந்து குழந்தையின் எடையைக் கழித்தும் ஒரு முறை பார்க்கட்டும். மூன்று கிலோவை இரண்டு பக்கமும் வைத்துவிட்டு ‘வலுவான தொடர்பு’ என்று மகிழ்ந்தால் எப்படி?

தொடக்க எடை

கர்ப்பத்துக்கு முந்தைய எடை நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 12 வாரத்துக்குள் பதிவானால் அந்த எடை போதும். 20 வாரத்தில் வந்தவரின் முதல் எடையைத் தொடக்கமாக வைத்தால் பிஎம்ஐ கூடித் தெரியும், கூடுதல் குறைந்து தெரியும். இரண்டும் பொய்.

வீக்கம்

கடைசி வாரங்களில் கிடுகிடுவென ஏறியது உடலில் தேங்கிய நீராக இருக்கலாம். கூடவே ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறதா என்று அந்தப் பதிவையும் பாருங்கள்.

பிஎம்ஐ எல்லை

‘அதிக எடை’ எதில் தொடங்குகிறது: ஆசியர்களுக்கான 23ஆ, பொதுவான 25ஆ? எதை வைத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

அட்டையில் இருப்பதை அப்படியே ஏற்றுவது

ஒரு தாய் சேய் நல அட்டையில் 48, 50, 52, 54 என்று மாதாமாதம் ஏறியிருந்தது. நான்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு; அளக்காமல் ஒரே நாளில் எழுதியது போல. இப்படிப்பட்டவற்றைத் தனியே குறித்துவையுங்கள். அவற்றை நீக்கிவிட்டு இன்னொரு முறை கணக்கை ஓட்டி, இரண்டு விடைகளையும் ஆய்வேட்டில் கொடுங்கள்.