காப்பகக் குழந்தைகளுக்கு விருந்து வைக்கும் முன்

விடுமுறை நாளில் காப்பகக் குழந்தைகளுக்கு விருந்து வைக்கப் போகிறீர்களா? கேக் சொல்வதற்கு முன்னால் அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை மூன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

பரிசுப் பொட்டலத்தில் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். எல்லாமே பொதுவில் கிடைக்கிற இடத்தில், தன் பெயரைப் பார்க்கும் குழந்தை அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும். பிரிக்கவே மனசு வராது. பெயர் எழுதாத பொட்டலம் நாலைந்தும் ஒரு பேனாவும் கையில் இருக்கட்டும். முந்தின நாள்தான் ஒரு குழந்தை புதிதாக வந்து சேர்ந்திருக்கலாம்.

3 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிறு பாகங்கள் உள்ள பொம்மை வேண்டாம். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். 8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அப்புறம், பரிசு வாங்கும் முகத்தைப் படம் எடுத்துப் பகிராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள், அது போதும். நிச்சயமாக வர முடியும் என்றால் மட்டுமே "அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தக் குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.