எடை குறைப்பு அறுவை பலன் தரவில்லையா? மறு அறுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் எதுவும் மறைந்து இருக்காது. அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு எடை திரும்ப ஏறினால் கோயில் திருவிழா வரைக்கும் அதே பேச்சுதான். அந்தக் கூச்சத்தில் பலர் முதலில் அறுவை செய்த டாக்டரிடம் திரும்பிப் போவதில்லை. "எதில் ரொம்பக் குறையும்?" என்று கேட்டபடி வேறு இடம் தேடுகிறார்கள். அந்தக் கேள்வியே தவறு. ஏன் ஏறியது என்று முதலில் தெரிய வேண்டும். பழைய ஆபரேஷன் குறிப்புகளை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின் எட்டிய மிகக் குறைந்த எடையிலிருந்து கொஞ்சம் ஏறுவது சகஜம், அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அதற்கு மேல் ஏறினால் வயிறு விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியிலும் பேரியம் எக்ஸ்ரேயிலும் பார்ப்பார்கள். தைராய்டு, இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். அப்புறம் சாப்பாடு. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை) செய்தவருக்கு ரொட்டி சானாய் பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும். ஆனால் டின் பால் ஊற்றிய தே தாரிக்கும் மாலை மைலோவும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கோளாறு அங்கே இருந்தால் வயிற்றை எத்தனை முறை வெட்டினாலும் எடை திரும்பத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு நெஞ்செரிச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது. ஸ்லீவ் செய்த வயிறு குறுகிய குழாய் போல ஆகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏறும். அப்படிப்பட்டவர் "இன்னொரு முறை சுருக்கிவிடுங்கள்" என்று கேட்டு மறுபடி ஸ்லீவ் செய்தால் எரிச்சல் இன்னும் மோசமாகலாம். இவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பது ரூ-என்-வை பைபாஸ், அதாவது வயிற்றைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் அறுவை. குடலை ஒரே இடத்தில் இணைக்கும் மினி பைபாஸ் எளிது என்பார்கள், சரிதான். ஆனால் அதில் பித்தம் மேலேறும் வாய்ப்பு உண்டு. எரிச்சல் உள்ளவர் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு குடலின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி செய்யும் சாடி, டியோடினல் சுவிட்ச் அறுவைகளில் எடை அதிகம் குறையும். அதே அளவுக்குப் புரதம், இரும்பு, கால்சியம், ஏ, டி, இ, கே விட்டமின்கள் உடலில் சேராமல் போகும். வாழ்நாள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தேவை. சம்பளத்தில் ஒரு நாள் பிடித்தம் ஏற்று ஈப்போவுக்குப் பஸ் ஏறும் குடும்பத்தால் அதைத் தொடர முடியுமா என்று முன்பே கணக்குப் போட வேண்டும். சிரமம் என்றால், எடை கொஞ்சம் குறைவாகக் குறைந்தாலும் பைபாஸே இவற்றைவிடப் பாதுகாப்பு; ஆனால் அதிலும் வாழ்நாள் மாத்திரையும் பரிசோதனையும் உண்டு.

பேண்ட் (வயிற்றின் மேல்பகுதியைச் சுற்றிக் கட்டும் பட்டை) வைத்தவர்களுக்கு அதைக் கழற்றுவதும் புது அறுவையும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேண்ட் வயிற்றுச் சுவரை அரித்திருந்தால் புண் ஆறக் காத்திருப்பதே நல்லது. எடை குறைக்கும் செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் தனக்குப் பொருந்துமா என்று கேட்காமலேயே கத்திக்குப் போவதும் அவசரம். முதல் அறுவையின் தழும்புகளால் மறு அறுவையில் கசிவும் சிக்கல்களும் வர வாய்ப்பு கூடுதல்.

பைபாஸ் என்று முடிவானால் சிகரெட்டை நிறுத்திவிட வேண்டும். செம்பனைக் குலை வெட்டி வரும் முதுகுவலிக்கு டிக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போடும் பழக்கமும் கூடாது. குடலை இணைத்த இடத்தில் இவை புண் உண்டாக்கும். கிளினிக்கில் உட்கார்ந்ததும் பைபாஸ் செய்ததைச் சொல்லி, பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.