கசியும் மைப்பேனாவை வாரன்டிக்கு அனுப்பும் முன்

மைப்பேனா கசிந்தால் நிப்பைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், பசை வைத்து ஒட்டவே ஒட்டாதீர்கள். நீங்களே பிரித்த தடம் தெரிந்தால் வாரன்டியை மறுத்துவிடலாம்.

முதலில் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பேனாவைக் குளிர்ந்த நீரில் அலசி (வெந்நீர் கூடாது), உலர்த்தி, மை நிரப்பி, கழுத்தை (நிப்பை அடுத்து விரலால் பிடிக்கும் பகுதி) சுற்றி டிஷ்யூ வைத்து ஓர் இரவு விடுங்கள். மரைப் பக்கம் கறை தெரிந்தால் கழுத்தில் விரிசல் இருக்கலாம், அல்லது கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி நிரப்பும் உள்குழாய்) சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அதற்குப் பதில் கார்ட்ரிட்ஜ் (மை அடைத்தே வரும் குழாய்) போட்டதும் கசிவு நின்றுவிட்டால் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் போதும். மூடிக்குள் மட்டும் மை தெறித்திருந்தால் அது பெரும்பாலும் குலுங்கியதால் வந்தது. விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போதும் அப்படி ஆகும், அது பழுதல்ல.

கறை படிந்த டிஷ்யூவைக் கட்டாயம் படம் எடுங்கள். பேனாவை மை காலி செய்து, கழுவித்தான் அனுப்ப வேண்டும் என்பதால் கசிவுக்கு அந்தப் படமே சாட்சி. ரசீது நகல், வாரன்டி அட்டை, கன்வெர்ட்டர், பயன்படுத்திய மையின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். வாரன்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான். கீழே விழுந்து வளைந்த நிப்புக்குக் கிடைக்காது.